எச்.ஐ.வி-2: பம்பாயில் பிடிபட்ட இரண்டாவது வைரஸ்

இந்த முறை விஷயம் கொஞ்சம் கனமானது. பொங்கல், ஊர்த் திருவிழா, வாஷி பாலத்து டிராஃபிக் என்றெல்லாம் எழுதிக்கொண்டிருந்தவன் திடீரென்று எய்ட்ஸ் பற்றி ஏன் எழுதுகிறான் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

நான் சான்பாடாவுக்குக் குடிவந்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. ரத்தப் பரிசோதனைக் கிட்கள் விற்கும் கம்பெனியில் வேலை. ஆஸ்பத்திரி லேப், ரத்த வங்கி, தாராவி சந்துக்குள் இருக்கும் ஒற்றை அறை லேப் என்று ஏறி இறங்குவதுதான் பிழைப்பு. அதனால் எச்.ஐ.வி என்ற சொல்லை தினமும் நாலு தடவையாவது உச்சரிப்பேன். வீட்டில் மட்டும் உச்சரிக்க மாட்டோம். சொந்தக்காரர்கள் வந்தால் டிவியில் அந்த விளம்பரம் வரும்போது சேனல் மாற்றுவோம். நம் எல்லா வீட்டிலும் அப்படித்தானே?

நம்மில் பலருக்கு எச்.ஐ.வி என்றால் ஒரே ஒரு வைரஸ். உண்மையில் இரண்டு வகை உண்டு. உலகம் முழுக்கப் பரவியிருப்பது எச்.ஐ.வி-1. மேற்கு ஆப்பிரிக்காவில் அதிகமாகவும் வேறு சில நாடுகளில் கொஞ்சமாகவும் இருப்பது எச்.ஐ.வி-2. அந்த "வேறு சில நாடுகளில்" இந்தியாவும் ஒன்று. இந்தியாவில் அது இருப்பது மருத்துவ உலகத்துக்குத் தெரியவந்தது நம் பம்பாயில் எடுத்த ரத்தத்திலிருந்துதான். எச்.ஐ.வி-1-க்குக் கொடுக்கிற மருந்துகளில் சில இந்த இரண்டாவது வைரஸை ஒன்றுமே செய்யாது. பல வருடங்கள் நம் நாட்டில் எல்லோருக்கும் கொடுக்கப்பட்ட மாத்திரையில் இருந்ததும் அந்தச் சில மருந்துகளில் ஒன்று. சரி, கதையை முதலிலிருந்து பார்ப்போம்.

லிஸ்பனில் ஒரு புதிர்

1983-ல் பாரிஸ் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் ஃபிரான்சுவாஸ் பாரே-சினோசி, லுக் மோன்டாக்னியே குழு எய்ட்ஸ் வைரஸைக் கண்டுபிடித்தது. (இருவருக்கும் 2008-ல் நோபல் கிடைத்தது.) 1985-ல் ரத்தத்தில் அதைக் கண்டுபிடிக்கும் சோதனையும் வந்துவிட்டது. இனி எய்ட்ஸ் நோயாளி என்றால் சோதனையில் தெரிந்துவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

லிஸ்பன் நகரத்து ஆஸ்பத்திரியில் சில நோயாளிகள் அந்த நினைப்பைக் கெடுத்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் போர்ச்சுக்கலின் பழைய காலனிகளான கினி-பிசாவ், கேப் வெர்டி ஆகிய இடங்களிலிருந்து வந்தவர்கள் அவர்கள். உடல் இளைப்பு, ஓயாத வயிற்றுப்போக்கு என்று பார்த்தால் அப்பட்டமான எய்ட்ஸ். சோதனை செய்தால் நெகட்டிவ்! போர்ச்சுக்கீசிய ஆராய்ச்சியாளர் ஒடெட் ஃபெரேரா ரத்த மாதிரிகளை விமானத்தில் பாரிஸுக்குக் கொண்டுபோனார். பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் ஃபிரான்சுவா கிளாவெல் முதலானோர் அதிலிருந்து ஒரு புது வைரஸைப் பிரித்தெடுத்து 1986-ல் வெளியிட்டார்கள். அதுதான் எச்.ஐ.வி-2.

அதற்குச் சற்று முன்பே, 1985-ல், செனகல் நாட்டு டாக்கர் நகரில் சுலைமான் எம்பூப் என்ற ஆப்பிரிக்க விஞ்ஞானியும், அமெரிக்காவின் ஃபில்லிஸ் காங்கி, மேக்ஸ் எசெக்ஸ் ஆகியோரும், பிரான்சின் ஃபிரான்சிஸ் பாரினும் ஒரு விசித்திரத்தைக் கவனித்திருந்தார்கள். அங்குள்ள பாலியல் தொழிலாளிப் பெண்களின் ரத்தம், மனித வைரஸை விடக் குரங்கு வைரஸோடு நன்றாக ஒத்துப்போனது. ஆனால் அந்தப் பெண்கள் பெரும்பாலும் ஆரோக்கியமாகவே இருந்தார்கள். இரண்டு நகரங்களில் இரண்டு குழுக்கள் ஒரே விஷயத்தை வெவ்வேறு முனையிலிருந்து பிடித்தன என்று சொல்லலாம்.

குரங்கும் போரும்

எச்.ஐ.வி-1 சிம்பன்சியிலிருந்து மனிதனுக்கு வந்தது. எச்.ஐ.வி-2 வந்தது சூட்டி மங்காபி என்ற சாம்பல் நிறக் குரங்கிலிருந்து. ஆக இரண்டும் அண்ணன் தம்பி இல்லை, தூரத்து உறவு. மரபணு வரிசையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஏறக்குறைய பாதிதான் ஒத்துப்போகும். இந்தப் "பாதி" பின்னால் முக்கியமாகப் போகிறது, நினைவில் வையுங்கள்.

வேட்டையாடி இறைச்சி வெட்டும்போது ரத்தம் பட்டு மனிதனுக்கு வந்திருக்கும் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட விளக்கம். 2003-ல் வந்த மரபணு ஆய்வு ஒன்று, பெரிதாகப் பரவிய இரண்டு பிரிவுகளும் 1940-களை ஒட்டி மனிதனுக்குள் நுழைந்திருக்கும் என்று கணக்கிட்டது. பிறகு கினி-பிசாவ் விடுதலைப் போர் (1963-1974) நடந்த காலத்தை ஒட்டி வேகமாகப் பரவியதாகவும் சொன்னது. போர் என்றால் ராணுவ முகாம், ஊர் விட்டு ஊர் ஓடும் மக்கள், ரத்தம் ஏற்றுவது, கொதிக்க வைக்காத ஊசி. கனடா மருத்துவர் ஜாக் பெபான் இன்னொன்றும் காட்டினார். காலனி அரசு தூக்க நோய்க்கும் காசநோய்க்கும் ஊர் ஊராகப் போட்ட ஊசிகளும் இந்த வைரஸைப் பரப்பியிருக்கலாம் என்பதற்கு, அந்தச் சிகிச்சை பெற்ற வயதானவர்களின் ரத்தத்தில் தடயம் இருந்தது. நல்லது செய்யப் போட்ட ஊசி!

எச்.ஐ.வி-2 மெதுவான வைரஸ். ரத்தத்தில் அதன் எண்ணிக்கை குறைவு. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதும் குறைவு. சிகிச்சை இல்லாவிட்டால் எச்.ஐ.வி-1 தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும் வாய்ப்பு நூற்றுக்கு 15 முதல் 45 வரை. எச்.ஐ.வி-2 என்றால் அது 5-க்கும் கீழே. இதனால் "சாதுவான எச்.ஐ.வி" என்று கூட இதற்குப் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் தவறு. கினி-பிசாவ் போலீஸ்காரர்களைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்து, 2018 கடைசியில் லான்செட் குழும இதழில் வெளியான ஆய்வு அதைத் தெளிவாக்கியது. சிகிச்சை இல்லாதபோது எச்.ஐ.வி-1 தொற்றியவர்கள் எய்ட்ஸ் நிலைக்குப் போக நடுத்தரமாக 6 வருடங்கள் ஆனது. எச்.ஐ.வி-2 தொற்றியவர்களுக்கு 14 வருடங்கள். வேகம் பாதி, அவ்வளவுதான். போய்ச் சேரும் இடம் பெரும்பாலானோருக்கு ஒன்றே.

பம்பாய், 1991

நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் எச்.ஐ.வி முதலில் தெரியவந்தது 1986-ல் சென்னையில். டாக்டர் சுனிதி சாலமன் சொல்லி, செல்லப்பன் நிர்மலா என்ற மைக்ரோபயாலஜி மாணவி பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்தம் எடுத்தார். சென்னையில் சோதனை வசதி இல்லை. மாதிரிகளை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்து, ராத்திரி ரயிலில் வேலூர் சி.எம்.சி-க்குக் கொண்டுபோனார். ஆறு பேருக்கு பாசிட்டிவ். அன்றைக்கு உலகமே தேடிக்கொண்டிருந்தது முதல் வைரஸைத்தான். இரண்டாவது வைரஸ் பற்றிய செய்தியே அந்த வருடம்தான் வெளியானது.

ஐந்து வருடம் கழித்து, 1991-ல் லான்செட் இதழில் ஒரு சின்னக் கடிதம் வந்தது. "இந்தியாவில் எச்.ஐ.வி-2 பரவல்" என்பது அதன் பொருள். எழுதியவர்கள் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில் கியோர்க் ஸ்பையர் ஹவுஸ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஹெல்கா ரூப்சாமென்-வைக்மன் குழுவும், பம்பாய் மருத்துவர் ஜே.கே.மணியார் முதலானோரும். (அந்த ஆய்வுக்கூடத்துக்குத் தனிப் பெருமை உண்டு. நூறு வருடம் முன்பு பால் எர்லிக் சிஃபிலிஸ் நோய்க்கு சால்வர்சான் மருந்தைக் கண்டுபிடித்த இடம் அது.) அடுத்த வருடம் பம்பாயில் தொற்று அபாயம் அதிகமுள்ளவர்களிடையே எச்.ஐ.வி-1, எச்.ஐ.வி-2 இரண்டும் இருப்பதை இன்னும் விரிவாக எழுதினார்கள். வேலூர் சி.எம்.சி-காரர்களும் தென்னிந்திய நோயாளிகளிடம் எச்.ஐ.வி-2 இருப்பதைக் கண்டார்கள்.

பம்பாயில் ஏன் முதலில் தெரிந்தது என்று ஆச்சரியப்பட வேண்டியதில்லை. துறைமுகம், விமான நிலையம், காமாட்டிபுரா, நாலு திசையிலிருந்தும் வரும் லாரிகள், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு எட்டுக்குப் பத்து ரூமில் பத்துப் பேராகத் தங்கிய ஆண்கள். அந்த ரூம்களில் நம் ஆட்களும் நிறைய. தாராவியில் திருநெல்வேலிக்காரர்கள், வளைகுடா விசாவுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள், மார்க்கெட்டுக்குச் சரக்கு ஏற்றி வந்த நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்கள். வியாதி இன்னார் என்று பார்த்து வருவதில்லை. வீட்டைப் பிரிந்து வாழும் வாழ்க்கை அதற்கு வழி செய்து கொடுத்தது.

கோவா வழியாக வந்ததா?

எச்.ஐ.வி-2 பற்றிப் படிப்பவர்கள் எல்லோரும் உடனே கேட்கும் கேள்வி இது. மேற்கு ஆப்பிரிக்காவுக்கு வெளியே இந்த வைரஸ் இருக்கும் இடங்களைப் பாருங்கள். போர்ச்சுக்கல், அங்கோலா, மொசாம்பிக், பிரேசில். எல்லாம் போர்ச்சுக்கீசிய சம்பந்தம். நமக்குப் பக்கத்திலேயே கோவா. முடிச்சுப் போட்டாயிற்று!

அவ்வளவு சுலபமாக முடிச்சுப் போட முடியாது என்பது என் எண்ணம். கோவா 1961 டிசம்பரில் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. கினி-பிசாவ் போர் தொடங்கியதே 1963-ல். ஆக அந்தப் போரில் சண்டை போட்ட போர்ச்சுக்கீசிய சிப்பாய் யாரும் அதன்பின் கோவாவில் பணியில் இருந்திருக்க முடியாது. ஆனால் 1961-க்குப் பிறகும் கோவா குடும்பங்கள் லிஸ்பனுக்கும் மொசாம்பிக்கிற்கும் போய் வந்துகொண்டுதான் இருந்தன. அந்த வழியும் இருக்கலாம். கப்பல் வழியும் இருக்கலாம்.

இதில் உருப்படியான துப்பு 1994-ல் கிடைத்தது. அதே ஃபிராங்ஃபர்ட் குழு இந்திய எச்.ஐ.வி-2 மாதிரிகளின் மரபணுவை ஒன்றோடொன்று ஒப்பிட்டது. வேறுபாடு மிகக் குறைவு. வைரஸ் ஒரு நாட்டில் ரொம்ப நாள் இருந்தால் கிளை கிளையாகப் பிரிந்து வேறுபட்டுப் போயிருக்கும். இவை ஒரே மூதாதையிலிருந்து, அண்மைக் காலத்தில் பரவியவை என்று அவர்கள் முடிவு சொன்னார்கள். போர்ச்சுக்கீசியர் காலத்துப் பழைய சரக்கு என்று சொல்ல இதில் இடமில்லை. எங்கோ ஒரு பயணி, எப்போதோ ஒரு வருகை. அந்த மனிதர் யார் என்று இனித் தேடுவதில் யாருக்கும் லாபமில்லை.

பூட்டும் சாவியும்

இப்போது மருந்துக்கு வருவோம். எச்.ஐ.வி தன்னைப் பெருக்கிக்கொள்ள ஒரு நொதி (என்சைம்) வைத்திருக்கிறது. ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்று பெயர். அதை முடக்கினால் வைரஸ் பெருகாது. முடக்குவதற்கு இரண்டு வழி. முதல் வழி, நொதி கட்டும் சுவரில் போலிச் செங்கல் வைப்பது. ஜிடோவுடின், லாமிவுடின், டெனோஃபோவிர் எல்லாம் அந்த ரகம். இந்த ரகம் இரண்டு வைரஸ்களிடமும் வேலை செய்யும்.

இரண்டாவது வழி, நொதியின் பக்கவாட்டில் இருக்கும் ஒரு சின்னப் பள்ளத்தில் போய் உட்கார்ந்து அதை அசைய விடாமல் செய்வது. நெவிரபின், எஃபாவிரென்ஸ் அந்த ரகம். விக்ரோலி கோத்ரெஜ் பூட்டுக்குள் தீக்குச்சியை ஒடித்துச் சொருகிய மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எச்.ஐ.வி-1-ன் நொதியில் அந்தப் பள்ளத்தின் ஓரத்தில், 181-ஆம் இடத்திலும் 188-ஆம் இடத்திலும் டைரோசின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. மருந்து பிடித்துக்கொள்ள அது உதவுகிறது. எச்.ஐ.வி-2-ல் அதே இடங்களில் ஐசோலியூசினும் லியூசினும் இருக்கின்றன. பள்ளத்தின் வடிவமே வேறு. தீக்குச்சி நிற்காமல் விழுந்துவிடும். மருந்துக்கு எதிராக வைரஸ் பழகிப்போய் வரும் எதிர்ப்பு இல்லை இது. பிறவியிலேயே இருப்பது.

இது ரகசியமும் இல்லை. 1990-ல் நெவிரபின் பற்றிய முதல் கட்டுரைகள் வந்தபோதே இது எச்.ஐ.வி-1-ஐ மட்டுமே அடக்கும், எச்.ஐ.வி-2-ஐ அடக்காது என்று தெரிந்துவிட்டது. பம்பாயில் எச்.ஐ.வி-2 இருக்கிறது என்ற கடிதம் வந்தது 1991-ல். இரண்டு செய்தியும் ஒரு வருட இடைவெளியில் அச்சாகிவிட்டன. ஆனால் ஒன்றையொன்று சந்திக்க ரொம்ப வருடம் ஆனது.

உலகத்தைக் காப்பாற்றிய பம்பாய் மாத்திரை

2001 பிப்ரவரியில் நம் மும்பைக் கம்பெனி சிப்லா ஒரு குண்டைப் போட்டது. மேலை நாட்டில் ஒரு நோயாளிக்கு வருடத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்ற மூன்று மருந்துக் கூட்டை, எல்லை கடந்த மருத்துவர்கள் அமைப்புக்கு வருடம் 350 டாலருக்குத் தருகிறோம் என்று யூசுஃப் ஹமீது அறிவித்தார். ஒரு நாளைக்கு ஒரு டாலர்கூட இல்லை. ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் மூன்றையும் ஒரே மாத்திரையாக்கி ட்ரையோமியூன் என்று பெயர் வைத்தார்கள். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கான உயிர்கள் பிழைத்ததில் இந்த மாதிரி மாத்திரைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. மும்பையில் வாழும் யாரும் பெருமைப்படலாம். நானும் படுகிறேன்.

2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு இலவச எச்.ஐ.வி மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் எட்டு ஆஸ்பத்திரிகள். மும்பை ஜே.ஜே., சென்னை தாம்பரம் அரசு நெஞ்சக மருத்துவமனை இரண்டும் அதில் உண்டு. முதல் வரிசைக் கூட்டில் மூன்றாவது மருந்தாக நெவிரபின் அல்லது எஃபாவிரென்ஸ். நூற்றில் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு அது சரி. மீதி ஒன்றிரண்டு பேருக்கு? மூன்று மருந்து என்று பெயர், வேலை செய்வது இரண்டு. இரண்டு மருந்து மட்டும் போனால் வைரஸ் அடங்காது. மெல்ல மெல்ல அந்த இரண்டுக்கும் பழகிவிடும். பிரசவத்தின்போது தாய்க்கும் குழந்தைக்கும் ஒரு வேளை கொடுத்த நெவிரபினும் அதே கதைதான்.

திட்டம் போட்டவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. கையில் இருந்த காசில் அதிகம் பேரைக் காப்பாற்றும் மருந்து அதுதான். அதோடு, இரண்டாவது வைரஸுக்குப் பொருத்தமான லோபினாவிர் போன்ற மருந்துகள் அப்போது யானை விலை, பழைய கேப்சூலை ஃபிரிட்ஜில் வேறு வைக்க வேண்டும். ஆனால் அந்த ஒன்றிரண்டு பேர் எண்கள் இல்லை, ஆட்கள்.

சங்ககிரி அண்ணன்

அப்படி ஒருவரை எனக்குத் தெரியும். அவர் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன். சங்ககிரிப் பக்கத்து லாரி டிரைவர். துர்பே ஏபிஎம்சி மார்க்கெட்டுக்கு லோடு கொண்டுவருவார். எங்கள் ஏரியா மெஸ்ஸில் சாப்பிட வந்து பழக்கம். அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். 2005-ல் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் எச்.ஐ.வி என்று சொல்லி மாத்திரை ஆரம்பித்தார்கள். இரண்டு வருடம் விடாமல் சாப்பிட்டார். ஆனால் சிடி4 எண்ணிக்கை ஏறவே இல்லை, இறங்கிக்கொண்டே போனது. ஒவ்வொரு தடவையும் கவுன்சலர் சந்தேகமாகப் பார்த்திருக்கிறார், சரியாகச் சாப்பிடுகிறாயா, குடிக்கிறாயா என்று.

"ஒரு வேளகூட உட்டதில்லீங்க தம்பி. லோடு எறக்கறப்பக்கூட மணி பாத்துப் போட்டுக்குவேன். நம்ப மாட்டேங்கறாங்க. ஊட்ல அவளும் சந்தேகப்படறா" என்று என்னிடம் சொன்னார். வியாதியை விட அந்தச் சந்தேகம்தான் அவரைத் தின்றது.

நான் கிட் விற்கிறவன், டாக்டர் இல்லை. ஆனால் அவருடைய பழைய ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். அப்போது நிறைய லேப்களில் இருந்தது மூன்று புள்ளிச் சோதனை. ஒரு புள்ளி கிட் சரியாக வேலை செய்கிறதா என்று காட்ட, ஒன்று எச்.ஐ.வி-1-க்கு, ஒன்று எச்.ஐ.வி-2-க்கு. இவர் ரிப்போர்ட்டில் எச்.ஐ.வி-2 "ரியாக்டிவ்" என்று தெளிவாக அச்சாகி இருந்தது. பாசிட்டிவ் என்ற ஒரு வார்த்தையை மட்டும் பார்த்துவிட்டு எல்லோரும் அடுத்த பக்கம் திருப்பியிருக்கிறார்கள். வேறொரு டாக்டரிடம் அந்தத் தாளோடு அனுப்பினேன். அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "உங்க மேல ஒரு தப்பும் இல்லைங்க, மாத்திரைதான் உங்க வைரஸுக்கு இல்லை" என்றாராம். அண்ணன் அதைச் சொல்லும்போது அழுதுவிட்டார். சந்தோஷத்தில்தான்.

புது மருந்தை முதலில் சொந்தக் காசில் வாங்கினார், அரை ஏக்கர் போனது. பிறகு அரசு மையத்திலேயே கிடைத்தது. இப்போது லாரி ஓட்டுவதில்லை, ஊரில் இருக்கிறார். பேத்தி காதுகுத்துக்குப் பத்திரிகை அனுப்பியிருந்தார்.

மாறியது என்ன?

2008 ஜனவரியில் இரண்டாம் வரிசை மருந்துகளை இலவசமாகக் கொடுக்கும் திட்டம் முதலில் இரண்டே இடத்தில் தொடங்கியது. நம் இரண்டு ஊரும்தான்: மும்பை ஜே.ஜே., தாம்பரம். லோபினாவிர் அரசு அலமாரிக்கு வந்தது அதன் மூலம். 2010-களில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் (நேக்கோ) வழிகாட்டுதலில், எச்.ஐ.வி-2 இருந்தால் தொடக்கத்திலேயே லோபினாவிர் கூட்டு, அந்தத் தாய்க்குப் பிறக்கும் குழந்தைக்கு நெவிரபினுக்குப் பதில் ஜிடோவுடின் சொட்டு மருந்து என்று எழுத்தில் வந்தது. எச்.ஐ.வி-2-ஐ உறுதிப்படுத்தத் தனி ஆய்வகங்களையும் குறித்தார்கள்.

அந்த ஆய்வகங்கள் ஏன் தேவை என்றால், புள்ளிச் சோதனை சில சமயம் குழம்பும். இரண்டு வைரஸ்களின் எதிர்ப்பொருள்களும் ஓரளவு ஒன்று போல இருப்பதால், எச்.ஐ.வி-1 மட்டும் உள்ளவருக்கும் இரண்டு புள்ளிகளும் தெரியலாம். "இரண்டும் உண்டு" என்று ரிப்போர்ட் வந்தவர்களில் கணிசமானவர்களுக்கு மேல்சோதனையில் ஒன்றுதான் என்று தெரிந்தது. ஆக தவறு இரண்டு பக்கமும் நடக்கும். புள்ளி சொல்வதைப் புறக்கணிக்கவும் கூடாது, அதை மட்டும் நம்பி மருந்தை மாற்றவும் கூடாது.

பிறகு வந்தது பெரிய மாற்றம். டோலுடெக்ராவிர் என்ற மருந்து வேறு நொதியைத் தாக்குகிறது (இன்டெக்ரேஸ் என்பது அதன் பெயர்). இந்தக் குடும்பத்து மருந்துகள் இரண்டு வைரஸ்களையும் அடக்குகின்றன. பிரான்சிலும் செனகலிலும் எச்.ஐ.வி-2 நோயாளிகளுக்கு இதே குடும்பத்து மருந்துகளைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் 2018-ல் நல்ல பலன் காட்டின. நேக்கோவின் 2021 வழிகாட்டுதலில் எச்.ஐ.வி-1 ஆனாலும் 2 ஆனாலும் முதல் சிகிச்சை ஒன்றே: டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் சேர்ந்த ஒரே மாத்திரை, ஒரு நாளைக்கு ஒன்று. முன்பு வகை தெரியாமல் மாத்திரை கொடுத்தால் ஆபத்து. இன்று வகை தெரியாமல் ஆரம்பித்தாலும் மாத்திரை இரண்டுக்கும் பொருந்தும். 1990-ல் தெரிந்த ஒரு குறைக்கு ஏழை நாடு முழுவதற்கும் பொருந்தும் தீர்வு வர முப்பது வருடம் ஆகியிருக்கிறது.

அப்படியென்றால் வகையைப் பார்க்க வேண்டாமா? பார்க்க வேண்டும். வைரல் லோடு என்று ரத்தத்தில் வைரஸை எண்ணும் சோதனை இருக்கிறதே, வழக்கமான மெஷின்கள் எண்ணுவது எச்.ஐ.வி-1-ஐ மட்டும். எச்.ஐ.வி-2 உள்ளவருக்கு அதைச் செய்தால் "வைரஸ் தென்படவில்லை" என்று வரும். மருந்து வேலை செய்தாலும் அப்படித்தான் வரும், செய்யாவிட்டாலும் அப்படித்தான் வரும். இவர்களுக்கு சிடி4-ஐயும் உடம்பையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், அல்லது எச்.ஐ.வி-2-க்கான தனிச் சோதனை வசதி உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

நம் குடும்பங்களுக்கு

ஊரை விட்டு வந்து பிழைக்கிற நமக்கு இதில் தனியாகச் சில விஷயங்கள் உண்டு. செம்பூரில் சோதனை, ஊரில் மருந்து, நடுவில் வேலை மாறி துபாய் என்று போகிறவர்கள் நாம். வளைகுடா மெடிக்கலில் எச்.ஐ.வி சோதனை உண்டு. பலருக்கு "அன்ஃபிட்" என்று ஒரு வார்த்தைதான் கைக்கு வருகிறது. அதோடு வீட்டுக்கு வந்து ஒளிந்துகொள்ளக் கூடாது. அரசு மையத்தில் மறுபடி முழுச் சோதனை செய்துகொள்ள வேண்டும். சயான் ஆஸ்பத்திரியிலும் ஜே.ஜே.யிலும் ஊரில் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் சோதனையும் மருந்தும் இலவசம்.

பழைய ரிப்போர்ட்டை எந்தக் காரணம் கொண்டும் கிழித்துப் போடாதீர்கள். பயத்தில் முதலில் செய்வது அதைத்தான். அதில் வகை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் சிடி4 இறங்கினால் "இது எச்.ஐ.வி-2 ஆக இருக்குமா?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நீங்களாக மருந்தை நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம்.

2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி சட்டப்படி, இந்தத் தொற்றைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நீக்குவதும், சிகிச்சை மறுப்பதும், வாடகை வீடு தர மறுப்பதும் தடை செய்யப்பட்டவை. ஒருவர் சம்மதமில்லாமல் அவருடைய நிலையை வெளியே சொல்லவும் கூடாது. சந்தேகம் எது இருந்தாலும் 1097 என்ற இலவச எண்ணில் கேட்கலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை.

இந்தியாவில் சுமார் 25 லட்சம் பேர் எச்.ஐ.வியோடு வாழ்கிறார்கள். அதில் எச்.ஐ.வி-2 சிறு பங்குதான். மருந்து கம்பெனிக்கு அது சின்ன மார்க்கெட், ஆராய்ச்சிக்கு அது சின்னத் தலைப்பு. ஆனால் மாத்திரையைச் சரியாகச் சாப்பிட்டும் "நீ பொய் சொல்கிறாய்" என்று கேட்க நேர்ந்த மனிதர்களுக்கு அந்த இரண்டு என்ற எண் வாழ்க்கையே. உங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் யாருக்காவது இது பயன்படும் என்று தோன்றினால் கூச்சப்படாமல் அனுப்புங்கள். யார் அனுப்பினார், ஏன் அனுப்பினார் என்று யாராவது கேட்டால், சான்பாடாவில் ஒரு கிட் விற்கிற ஆள் எழுதியது என்று சொல்லிவிடுங்கள்.